இயந்திரத்துக்கு முன்னால் ஒரு ஏர் ஃபில்டர் வாங்குங்கள்

நான் முதலில் வாங்கிய பிரஷ் கட்டர் (தோளில் மாட்டிப் புல்லும் புதரும் வெட்டும் இயந்திரம்) மூன்றாவது மாதத்தில் படுத்துவிட்டது. கயிற்றை இழுத்தால் இரண்டு முறை உறுமும், நின்றுவிடும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு மெல்லிய ரப்பர் தகட்டை விரல் நுனியில் எடுத்துக் காட்டினார். நாணய அளவுதான் இருக்கும். டயஃப்ரம் என்றார். துணி மாதிரி வளைய வேண்டிய அது விறைத்துப்போய் ஓரம் சுருண்டிருந்தது. "இதை மட்டும் மாத்தினா போதும் சார், அடுத்த வாரம் வந்துடும்" என்றார் கடைக்காரர்.

ஏழு வாரம் ஆனது. வாராவாரம் போன் செய்தேன். வாராவாரம் அதே "அடுத்த வாரம்". புல் இடுப்பளவு வளர்ந்து, விதை விட்டு, காய்ந்தும் போனது. கடைசியில் தெரியவந்த விஷயம்தான் என்னை அதிகம் வருத்தியது: முதல் ஐந்து வாரம் அந்தப் பாகத்துக்கு யாரும் ஆர்டரே போடவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. சின்ன ஆர்டராகப் போட்டால் அனுப்பும் செலவு அவர் தலையில் விழும். அதனால் இன்னும் நாலு பேருக்கு ஏதாவது தேவைப்படட்டும், சேர்த்துப் போடலாம் என்று காத்திருந்தார். என்னிடம் சொல்லியிருந்தால் அந்தச் செலவை நானே கொடுத்திருப்பேன். நானும் கேட்கவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு செயின்சா, தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர், களை எடுக்கும் பவர் வீடர் என்று வாங்கியாகிவிட்டது. தெரிந்தவர்களுக்குத் துணையாகவும் பல கடை ஏறியிருக்கிறேன். முதன்முறை வாங்கப் போகிறவர் அந்த ஏழு வாரத்தை அனுபவிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதை விற்கிறவரின் உதிரிபாக அலமாரியைப் பாருங்கள். நான் சொல்லப்போவதில் பாதி இதுதான்.

கடைக்காரர் பக்கம்

சொந்தமாகக் கடை வைத்து இரண்டு மூன்று பிராண்டுகளை விற்கிற டீலரை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் இயந்திரங்களில் பெரும்பாலானவை கடனில் வந்தவை. குறிப்பிட்ட நாளுக்குள் விற்காவிட்டால் வட்டி ஏறும். அதனால் நீங்கள் கேட்ட மாடல் இல்லாதபோது "அதைவிட இது நல்லது சார்" என்று நிற்பதைக் காட்டுவார். இயந்திரம் விற்பதில் அவருக்குக் கிடைப்பது குறைவு. சர்வீஸும் ஸ்பேரும்தான் கடையை ஓட்டுகின்றன. ஆனால் சர்வீஸ் பார்க்க ஒரே ஒரு நல்ல மெக்கானிக் இருப்பார். சீசன் தொடங்கியதும் எல்லோரும் ஒரே வாரத்தில் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்த மெக்கானிக் வேலையை விட்டுப் போனால் கடையின் பாதி போன மாதிரி.

இதைத் தெரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும். எங்கே அழுத்திக் கேட்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதும் புரியும்.

முதல் வேலை: உங்கள் வேலையை எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு இடம், சமதளமா சரிவா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் தூக்கப்போகிறார்கள், பிளேடில் வெட்ட வேண்டியது புல்லா புதரா. "ஒரு பிரஷ் கட்டர் வேணும்" என்று போய் நின்றால் வாசலில் நிற்பதுதான் கிடைக்கும்.

சில கணக்குகளை வீட்டிலேயே போட்டுவிடுங்கள். கடையில் போட்டால் அவசரத்தில் தப்பாகப் போகும்.

பம்ப் வாங்குகிறவர்கள் குதிரைத்திறனையும் குழாய் விட்டத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். மேலே வைத்து உறிஞ்சும் பம்ப் எவ்வளவு பெரிய என்ஜினோடு வந்தாலும், அதற்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையில் ஏழெட்டு மீட்டருக்கு மேல் இருந்தால் தண்ணீர் ஏறாது. காரணம் எளிது. பம்ப் உள்ளே வெற்றிடத்தை உண்டாக்குகிறது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளியில் இருக்கும் காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் தள்ளக்கூடிய உச்சமே சுமார் 10.3 மீட்டர். உராய்வு, கசிவு எல்லாம் போக ஏழெட்டுதான் மிஞ்சும். உயரமான மலைப்பகுதியில் இன்னும் குறையும். தண்ணீர் 12 மீட்டர் ஆழத்தில் இருந்தால் உள்ளே இறக்கும் பம்ப்தான் வழி. "பெரிய மாடல் போட்டா இழுத்துடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஜெனரேட்டரில் கேவிஏ, கிலோவாட் குழப்பம். பவர் ஃபேக்டர் (கேவிஏயில் உண்மையில் வேலைக்கு வரும் பங்கு) 0.8 என்று இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் விவரத் தட்டில் அச்சிட்டிருந்தால் 5 கேவிஏ ஜெனரேட்டர் தருவது 4 கிலோவாட்தான். தட்டில் இரண்டு எண்கள் இருக்கும். "மேக்ஸிமம்" என்பது சில நிமிடங்களுக்கானது, "ரேட்டட்" என்பதுதான் தொடர்ந்து ஓடக்கூடியது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதலாவது. அப்புறம் மோட்டார். ஒரு ஹெச்பி என்பது 746 வாட், ஆனால் நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் வழக்கமான கரண்டைப் போல மூன்று மடங்கிலிருந்து ஆறேழு மடங்கு வரை இழுக்கும். ஓட்ட வேண்டிய மோட்டாரின் தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

பேட்டரி இயந்திரம் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 18 வோல்ட் என்பதும் "20 வோல்ட் மேக்ஸ்" என்பதும் ஒன்றேதான். இரண்டிலும் ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். ஒருவர் சராசரி அளவைச் சொல்கிறார், மற்றவர் முழு சார்ஜில் இருக்கும் உச்சத்தைச் சொல்கிறார். 36-ம் 40-ம் அப்படித்தான். ஒப்பிட வேண்டியது வாட் ஹவர். வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வரும். 36 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் என்றால் 180 வாட் ஹவர். ஒரு பிராண்டின் பேட்டரி அடுத்த பிராண்டில் பொருந்தாது என்பதால், பேட்டரியில் முதல் இயந்திரம் வாங்கும்போதே அடுத்த நாலு இயந்திரத்தின் பிராண்டையும் முடிவு செய்கிறீர்கள்.

இரண்டாவது: பின்வாசல் வழியாகக் கடையைப் பாருங்கள்

என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்ட பழக்கம் இது. நீங்கள் வாங்க நினைக்கும் மாடலின் பெயரைக் குறித்துக்கொண்டு, வாங்குகிற எண்ணத்தை வெளியே காட்டாமல், அந்த மாடலுக்கு ஒரு ஏர் ஃபில்டரோ ஸ்டார்ட்டர் கயிறோ கேளுங்கள். மலிவான பொருள்தான். எப்படியும் பின்னால் தேவைப்படும்.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். "என்ன மாடல், சீரியல் நம்பர் இருக்கா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் மனதில் ஒரு நல்ல மார்க் போடுங்கள். ஒரே மாடல் பெயரில் ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறும் என்பதை அறிந்தவர்தான் அப்படிக் கேட்பார். உதிரிபாகப் படத்தைத் திறந்து, பாகத்தின் எண்ணைப் பார்த்து, அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. "இல்லை, ஆனால் ஆர்டர் போட்டால் இத்தனை நாளாகும், இவ்வளவு ஆகும்" என்று நேராகச் சொன்னாலும் அவரை நம்பலாம். "எல்லாம் ஒண்ணுதான் சார், இது செட் ஆகும்" என்று வேறு எதையோ எடுத்து நீட்டினால் நாளை உங்கள் இயந்திரத்திலும் அதைத்தான் செய்வார். "புது மெஷினுக்கு எதுக்கு சார் ஸ்பேர்?" என்று சொல்பவரிடம் நான் இயந்திரம் வாங்குவதில்லை.

அங்கே நிற்கும்போதே சர்வீஸ் பகுதியை ஒரு பார்வை பாருங்கள். இயந்திரங்கள் குவிந்திருப்பது தப்பில்லை. சீசனில் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு தொங்குகிறதா என்று கவனியுங்கள். சீட்டில்லாமல் தூசி படிந்து கிடப்பவை யாருடையவை என்று கடைக்காரருக்கே தெரியாது. நானும் ஒருமுறை என் பவர் வீடரை அப்படி ஒரு மூலையிலிருந்து தேடி எடுத்திருக்கிறேன்.

மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுங்கள். "அண்ணே, இந்த மாடல்ல அடிக்கடி எது வரும்?" என்று கேட்டால் போதும். கடைக்காரர் சொல்லாததை அவர் சொல்வார். "ரீகாயில் ஸ்பிரிங் போகும், ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க" என்று ஒருவர் சொன்னதை நான் கேட்டேன். ஸ்டார்ட்டர் கயிற்றைத் திரும்பச் சுருட்டும் ஸ்பிரிங் அது. இரண்டு வருடம் கழித்து அதே ஸ்பிரிங்தான் போனது. வார இறுதிக் கூட்டத்தில் போகாதீர்கள். சீசன் இல்லாத மாதம், வார நாள், காலை நேரம் என்றால் அவருக்குப் பேச நேரம் இருக்கும்.

ஒரு கேள்வியை எந்த இயந்திரத்துக்கும் கேட்கலாம்: என்ஜின் யாருடையது? பம்ப், வீடர், பிரஷர் வாஷர், சின்ன ஜெனரேட்டர் போன்றவற்றில் இயந்திரத்தின் பெயர் ஒன்றாகவும் என்ஜின் வேறு கம்பெனியுடையதாகவும் இருக்கும். பலரும் பயன்படுத்தும் என்ஜின் இருந்தால் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. ஹோண்டா ஜிஎக்ஸ் 160 என்ற 163 சிசி என்ஜின் உலகெங்கும் பரவிக் கிடக்கிறது. அதைப் பார்த்துச் செய்த நகல்களும் ஏராளம். அப்படி ஒரு என்ஜினுக்கு டீலர் கடையை மூடினாலும் பாகம் கிடைக்கும், தெருமுனை மெக்கானிக்கும் கை வைப்பார். பெயர் தெரியாத என்ஜின் எவ்வளவு மலிவாக வந்தாலும், அதற்குக் கார்புரேட்டர் கேஸ்கட் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் யோசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்டில் கம்பெனியின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னா கம்பெனியின் ஆட்டோடியூன் போன்ற வசதி உள்ள செயின்சாக்களில் கார்புரேட்டரை எலக்ட்ரானிக் முறையில் அதுவே சரிசெய்துகொள்ளும். திருப்புவதற்கு ஸ்க்ரூ இருக்காது. நல்ல வசதிதான். ஆனால் கோளாறு வந்தால் அதைப் படிக்கும் கருவி டீலரிடம் இருக்க வேண்டும். "உங்ககிட்ட அந்த டெஸ்டர் இருக்கா, காட்டுங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்றாவது: கையில் பிடித்து, குளிர்ந்த என்ஜினில் ஸ்டார்ட் செய்து

டெமோ காட்டச் சொல்லுங்கள். காட்டும் முன், என்ஜின் ஏற்கெனவே சூடாக இருக்கிறதா என்று சைலன்ஸர் பக்கம் உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். சூடான என்ஜின் யார் இழுத்தாலும் கிளம்பும். காலையில் நீங்கள் தனியாக இருக்கும்போது கிளம்புமா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். கயிற்றை நீங்களே இழுங்கள்.

பிரஷ் கட்டர் என்றால், டேங்க் நிரம்பியிருக்கும்போது, தோள் பெல்ட்டை மாட்டி, பத்து நிமிடம் தோளில் வைத்திருங்கள். காகிதத்தில் பார்க்கும் எடையும் தோளில் உணரும் எடையும் வேறு. கை அதிர்வையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதியின்படி, 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட கை அதிர்வு வினாடிச் சதுரத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் வேலை கொடுப்பவர் நடவடிக்கை எடுக்க வேண்டும்; 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. நல்ல கம்பெனிகள் இந்த எண்ணைக் கையேட்டில் அச்சிடுகின்றன. நாளெல்லாம் வெட்டப்போகிறவர் குதிரைத்திறனுக்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். விரல் மரத்துப்போகும் நோய் ஒருமுறை வந்தால் முழுதாகப் போவது கஷ்டம்.

பேரம், அட்வான்ஸ், பில்

விலையில் கொஞ்சம் குறைப்பதற்காக நான் அதிகம் மல்லுக்கட்டுவதில்லை. அதற்குப் பதிலாக முதல் சர்வீஸை இலவசமாகச் செய்து தரச் சொல்வேன், ஒரு பிளேடோ ஒரு செட் ஃபில்டரோ கேட்பேன். அவருக்கும் அதில் சுமை குறைவு, எனக்கும் பயன் அதிகம்.

ஸ்டாக் இல்லாத மாடலுக்கு அட்வான்ஸ் கேட்டால் ரசீதில் மாடலின் முழுப் பெயர், வரும் தேதி, அந்தத் தேதிக்குள் வராவிட்டால் பணம் திரும்ப என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பில்லில் இயந்திரத்தின் சீரியல் எண்ணும் என்ஜின் எண்ணும் இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. "பிரஷ் கட்டர் - 1" என்று மட்டும் எழுதிய பில் வாரண்டிக்கு உதவாது. கடையிலேயே குனிந்து தட்டைப் பார்த்து எண்ணை ஒத்துப்பாருங்கள், போட்டோ எடுங்கள். வெயிலிலும் எண்ணெயிலும் அந்த ஸ்டிக்கர் ஒரு வருடத்தில் அழிந்துவிடும்.

வாரண்டி சீட்டில் பார்க்க வேண்டியது எத்தனை வருடம் என்பதை மட்டுமல்ல. வீட்டு உபயோகத்துக்கு ஒரு காலம், தொழில் உபயோகத்துக்கு அதைவிடக் குறைந்த காலம் என்று பிரித்திருப்பார்கள். வாடகைக்கு விடப்போகிறவர் வீட்டு உபயோகம் என்று பதிந்துவிட்டால் பின்னால் மறுக்கப்படும். பெல்ட், பிளேடு, பிளக், ஃபில்டர் போன்ற தேய்மானப் பாகங்களுக்கு வாரண்டி கிடையாது. பழைய பெட்ரோலால் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் அதற்கும் பெரும்பாலும் கிடையாது. பதிவு செய்ய வேண்டும் என்றிருந்தால் "நான் பாத்துக்கறேன் சார்" என்ற பதிலோடு கிளம்பாமல், உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

வண்டியில் ஏற்றும் முன்

புது ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். பெட்டியைப் பிரிக்காமல் வாங்கிப்போய், பெட்ரோல் மட்டும் ஊற்றி இழுத்து, சில நிமிடத்தில் என்ஜின் சீஸ் ஆகி, அதாவது உள்ளே இறுகி நின்று, தவித்தவர்கள் உண்டு. இதற்கு வாரண்டி வராது. அதனால் கடையிலேயே பிரித்து, பூட்டி, ஆயில் ஊற்றி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டீலரிடம் வாங்குவதன் பெரிய லாபமே இந்த அரை மணி நேரம்தான்.

ஆயில் ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஜிஎக்ஸ் 160 மாதிரி என்ஜினில் சுமார் 0.6 லிட்டர்தான் பிடிக்கும். அளவு பார்க்கும்போது இயந்திரம் சமதளத்தில் இருக்க வேண்டும். குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல், சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இல்லாத ஆயில் இருப்பதாகத் தெரியும். முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில் அல்லது முதல் மாதத்தில். அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வேறு என்ஜினுக்குக் கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று கையேடு சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. "ஒரு மூடி ஊத்துங்க" என்று யார் சொன்னாலும் அளவுக் குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். காற்றால் குளிரும் என்ஜினுக்கான ஆயிலா என்று பார்க்க வேண்டும்; டப்பாவில் ஜாஸோ எஃப்டி என்று இருந்தால் நல்ல தரம். படகு என்ஜினுக்கான ஆயில் இதற்கு ஆகாது.

ஜெனரேட்டர் வாங்கியவருக்கு மட்டும் ஒரு வார்த்தை, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குள், ஷெட்டுக்குள், வராந்தாவில் ஓட்டாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். இதைச் சொல்லாமல் ஜெனரேட்டர் விற்கிற கடைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறுகிறது.

அதே நாளில் வாங்க வேண்டியவை

ஸ்பார்க் பிளக் ஒன்று, ஏர் ஃபில்டர் ஒன்று, டேங்க் உள்ளே இருக்கும் ஃப்யூயல் ஃபில்டர் ஒன்று, ஸ்டார்ட்டர் கயிறு, பெல்ட் இருந்தால் பெல்ட், டூ ஸ்ட்ரோக் என்றால் டயஃப்ரம் கிட். இயந்திரத்தின் விலையோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. என் ஏழு வாரத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒரு தபால் உறைக்குள் அடங்கும் அந்தக் கிட்தான்.

செயின்சா வாங்கினால் இன்னொரு செயினும் வாங்குங்கள், அதன் மூன்று எண்களை எழுதிவையுங்கள். முதல் எண் பிட்ச்: அடுத்தடுத்து வரும் மூன்று ரிவெட்டுகளில் முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வரும், 3/8 அங்குலம், 0.325 அங்குலம் என்று இருக்கும். இரண்டாவது கேஜ்: பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) பள்ளத்தில் ஓடும் பல்லின் கனம்; 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். மூன்றாவது, அந்தப் பற்களின் எண்ணிக்கை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் எந்தக் கடையிலும் செயின் வாங்கலாம். "16 இஞ்ச் செயின் கொடுங்க" என்று கேட்டால் பத்தில் சில தடவை பொருந்தாத செயினோடுதான் வீடு திரும்புவீர்கள். 16 அங்குலம் என்பது பாரின் நீளம், அதை வைத்துச் செயினைச் சொல்ல முடியாது.

கோளாறு வந்துவிட்டால்

கடைக்குத் தூக்கும் முன் பத்து நிமிடம் செலவிடுங்கள். ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, பெட்ரோல் ஒரு மாதத்துக்கு மேல் பழசா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பிளக் ஈரமா காய்ந்திருக்கிறதா. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் குறைந்தால் தானாக நிற்கும் சென்சார் பலவற்றில் உண்டு, அதையும் பாருங்கள்.

பிறகு அறிகுறியைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். "ஓட மாட்டேங்குது" என்று சொன்னால் மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றுவார், கூலியும் அதற்கேற்ப வரும். "சோக் போட்டா ஓடுது, எடுத்தா நிக்குது" என்று சொன்னால் அவர் கை நேராகக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டுக்குப் போகும். "இருபது நிமிஷம் ஓடி நிக்குது, ஆறினப்புறம் திரும்ப ஓடுது" என்றால் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் மேல் சந்தேகம். ஆனால் அதற்கு முன் நின்றவுடன் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள்; உஸ் என்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். காயில் மாற்றச் சொல்லிக் காசு கேட்ட ஒரு இயந்திரத்தை இப்படி ஒரு குண்டூசியால் சரிசெய்திருக்கிறோம்.

கடையில் விடும்போது ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) வாங்குங்கள். அதில் சீரியல் எண், நீங்கள் சொன்ன அறிகுறி, கூட விட்ட பொருட்கள், இந்தத் தொகைக்கு மேல் போனால் கேட்காமல் செய்யக் கூடாது என்ற வரி, தேதி. பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லியும் எழுதுங்கள். சண்டைக்காக இல்லை, பழைய பாகத்தைப் பார்த்தால்தான் ஏன் போனது என்று நமக்கும் தெரியும்.

பாகம் வர வேண்டும் என்றால், அந்த "அடுத்த வாரம்" வந்துவிடும் இடம் இது. அப்போது கேட்க வேண்டியதை அப்படியே தருகிறேன்:

"பார்ட் நம்பர் என்ன, எழுதிக் குடுங்க. ஆர்டர் இன்னைக்கே போடறீங்களா, சேர்த்துப் போடறீங்களா? சேர்த்துன்னா, தனியா அனுப்ப எவ்வளவு ஆகும்? நான் தரேன். ஆர்டர் போட்டதும் ஆர்டர் நம்பரை எனக்கு மெசேஜ் பண்ணுங்க. அவங்ககிட்டயே ஸ்டாக் இல்லைன்னா அதையும் சொல்லுங்க, நான் வேற இடத்துல தேடறேன்."

இதைக் கோபமில்லாமல், சிரித்த முகத்தோடு கேட்க முடியும். பாகத்தின் எண் கையில் இருந்தால் வேறு ஊர் டீலரிடம் நீங்களே வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கலாம். நல்ல கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார், ஒரு வேலை முடிந்தது என்று நினைப்பார். வாரண்டி வேலையாக இருந்தால் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், பாகம் கம்பெனி வழியாகவே வரட்டும்.

சொன்ன தேதி போய், ஆர்டர் எண்ணும் வரவில்லை என்றால் கம்பெனிக்கோ விநியோகஸ்தருக்கோ எழுத்தில் எழுதுங்கள். சீரியல் எண், பில் தேதி, ஜாப் கார்டு தேதி, பாகத்தின் எண் இந்த நாலு மட்டும் போதும். கடைக்காரரைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம். எழுதப்போவதை அவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பல சமயம் அவரே "எழுதுங்க சார், எங்க பேச்சை அவங்க கேக்க மாட்டேங்கறாங்க" என்பார். அவரும் மேலே இருப்பவரிடம் மாட்டிக்கொண்டவர்தான்.

எப்போது கடையை மாற்றுவது

தாமதத்துக்காக நான் கடை மாற்றியதில்லை. மூன்று விஷயத்துக்காக மாற்றியிருக்கிறேன்: ஆர்டர் போட்டதாகச் சொல்லிப் போடாமல் இருந்தது, மாற்றாத பாகத்துக்குப் பில் போட்டது, ஏர் ஃபில்டர் இல்லாமல் என்ஜினை ஓட்டிப் பார்த்தது. கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் தூசி உள்ளே போனால் பிஸ்டன் ரிங் தேயும், அது தெரிந்தும் செய்கிறவரிடம் இயந்திரத்தை விட முடியாது.

வேறு எங்கோ, ஆன்லைனில் வாங்கிய இயந்திரத்தை உள்ளூர் டீலரிடம் கொண்டுபோனால் அவர் தன் வாடிக்கையாளர்களுக்குப் பிறகுதான் உங்களைப் பார்ப்பார். அதில் நியாயமும் இருக்கிறது. அப்படி வாங்கியவர்கள் முழுக் கூலியும் கொடுத்து, ஆயிலும் ஃபில்டரும் அவரிடமே வாங்கிப் பழகினால் ஒரு வருடத்தில் நிலைமை மாறும்.

சர்வீஸுக்குச் சரியான நேரம் சீசன் முடிந்த மறு வாரம். அப்போது மெக்கானிக்குக் கை ஓய்ந்திருக்கும், பாகம் வர ஏழு வாரம் ஆனாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. சர்வீஸ் முடிந்து வந்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நின்றால் பிசினாகி ஜெட்டை அடைக்கும், டயஃப்ரத்தை விறைக்க வைக்கும். காலி செய்த பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் தீர்ந்து அதுவாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பிறகு துடைத்து, மூடி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.